நகைப்புக்கு இடமான சொற்கள்: செராஸ் வட்டாரத் தமிழ்க் கொச்சையின் மூப்பு குறித்து ஓர் ஆராய்ச்சி

1. கேள்வி

ஒரு தலைமுறை வாயாரப் புழங்கிய கொச்சைச் சொல், அடுத்த தலைமுறையின் செவியில் விழுந்தவுடன் பரிகாசத்துக்கு உரியதாகிவிடுவது எல்லாப் பாஷைகளிலும் காணப்படும் விஷயமே. பேரன் சிரிக்கிறான், தாத்தா எதற்காகச் சிரிக்கிறான் என்று புரியாமல் விழிக்கிறார். இதனை மொழியின் இயல்பு என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆயின், ஏறக்குறைய ஒரே காலத்தில் வழக்குக்கு வந்து, ஒரே தோட்ட லயத்து வாசலில் புழங்கி, ஒரே வேகத்தில் மூப்படைந்த இரண்டு சொற்களுள் ஒன்று மட்டும் சிரிப்பை விளைவிக்க, மற்றொன்று எவ்விதக் கேலிக்கும் ஆளாகாமல் நிலைபெறுவதற்குக் காரணம் யாது என்னும் கேள்விக்கு அந்தப் பொது விடை போதாது. இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

ஆராய்ச்சிக்குச் செராஸைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இவ்வூரின் ஒரு பகுதி, 1974 பிப்ரவரி 1 அன்று கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூருக்குள்ளும், எஞ்சியது சிலாங்கூர் மாநிலத்து உலு லங்காட் மாவட்டத்துக்குள்ளும் அடங்கும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் தமிழ் பேசுவோன் தன் பாஷையிலேயே காலையில் தொடங்கி இரவு வரை காரியம் பார்த்துவிடலாம். கிள்ளானிலும் ஓரளவு அப்படியே. செராஸிலோ தமிழ், ஒரு புறம் காண்டனீஸ் சீனத்துக்கும் மறு புறம் மலாய்க்கும் நடுவே, அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளிலும் தாமான் கன்னாட்டின் புதன்கிழமை இரவுச் சந்தையிலும் அன்றாடம் உரசிக்கொண்டு வாழ்கிறது. சொற்கள் தேயும் விதத்தைக் காண உரசல் மிகுந்த இடமே ஏற்றது.

2. இலக்கணிகள் சொன்னதும் சொல்லாததும்

கொச்சை வழக்கைத் தமிழ் இலக்கணிகள் கண்டுகொள்ளவே இல்லை என்று சிலர் கூறுவது சரியன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நன்னூலாசிரியர் பவணந்தியார், ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கும்படி வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக அதனை ஏற்றுக்கொண்டார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்றும் வழங்கியதை உரையாசிரியர்கள் உதாரணங்களாகக் காட்டுவர். கள்ளுக்கு அப்படி ஒரு பெயரைச் சூட்டியவன் ஹாஸ்ய ரசனை உடையவன் என்பதில் ஐயமில்லை. உள்ளே போனதும் சொல்லை வெளியே கொண்டுவரும் வஸ்து அல்லவா அது!

இந்த மூன்று சொற்களையும் இன்று படிக்கும் மாணவன் சிரிப்பதில்லை, மனனம் செய்கிறான். கொச்சையிலும் கொச்சையாக இருந்த ஒன்று, உரையின் பாதுகாப்பில் எழுநூறு ஆண்டு இருந்தமையால் கௌரவம் பெற்றுவிட்டது. இங்கிலாந்தில் 1785-இல் பிரான்சிஸ் குரோஸ் என்பார் தொகுத்த கீழ்த்தர வழக்குச் சொல்லகராதிக்கும் இதே கதி நேர்ந்தது. அன்று மதுக்கடையில் ஒலித்த சொற்கள் இன்று நூலகத்தில் பண்டிதர்களின் விளையாட்டுப் பொருளாகியிருக்கின்றன.

காலந்தோறும் புதிய சொல் வந்து சேர்வதை விலக்கலாகாது என்று தொல்காப்பியரும், பழையவை போய்ப் புதியவை வருதல் குற்றமன்று என்று நன்னூலாரும் விதித்தார்கள். மேடைதோறும் எடுத்தாளப்படும் இவ்விதிகள், சொல் ஏன் போகிறது, போகும்போது ஏன் சிலவற்றுக்கு மட்டும் ஏளனம் வழித்துணையாகிறது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவர்களுடைய நோக்கமும் அன்று.

3. வயதே காரணம் என்னும் கொள்கை

பொதுமக்களிடையே வழங்கும் அபிப்பிராயம், சொல் பழையதாகிவிட்டால் சிரிப்புக்கு இடமாகும் என்பது. இதற்கு மாறான சான்றுகள் இவ்வட்டாரத்திலேயே நிறைய உண்டு.

'பசியாறிட்டீங்களா?' என்று இங்குள்ள வீடுகளில் கேட்பது பாட்டன் காலத்து வழக்கு. இன்றும் கேட்கிறார்கள், எவரும் சிரிப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தாளிதான் அந்தச் சொல்லின் அழகைக் கண்டு ஒரு கணம் தயங்குகிறார். 'வெள்ளி' என்னும் நாணயப் பெயரையும் எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவில் 1975-இல் ரிங்கிட் என்பதே அதிகாரபூர்வப் பெயராக நிலைநாட்டப்பட்ட பின்னரும், சந்தையில் கீரைக்கட்டு வாங்கும் முதியவர் இரண்டு வெள்ளி என்றே கொடுக்கிறார், இளைஞன் இரண்டு ரிங்கிட் என்கிறான், ஒருவரையொருவர் பரிகசிப்பதில்லை. கடல் கடந்த சிங்கப்பூரிலோ அதே வெள்ளி நாளிதழ்த் தலைப்பிலேயே கம்பீரமாக நிற்கிறது.

இன்னும் துலக்கமான உதாரணம் 'கட்டை'. செராஸ் நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்புகளை இங்குள்ள தமிழர் ஒன்பதாங் கட்டை, பதினோராங் கட்டை என்று குறிப்பது, மைல்கல் நட்டிருந்த காலத்து வழக்கு. 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு நாடு கிலோமீட்டருக்கு மாறிவிட்டது. மைல்கற்களுக்கு வேலை போய்விட்டது. ஆயினும் 2017-இல் திறக்கப்பட்ட காஜாங் வழித்தட எம்ஆர்டி நிலையங்களுள் ஒன்றுக்குச் சூட்டப்பட்ட பெயர் 'பத்து சபளாஸ் செராஸ்', அதாவது பதினோராங் கட்டைச் செராஸ். மலாயில் கல் என்று பொருள்படும் பத்துவும், தமிழ்க் கட்டையும் ஒன்றாகவே மூத்தன. ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றை ஏளனம் செய்ய வழியில்லாமற் போயிற்று. இந்தக் குறிப்பைப் பின்னால் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

'ஷோக்கு' என்னும் சொல்லின் வரலாறு இதனினும் விசித்திரமானது. அரபியில் தோன்றிப் பாரசீகத்தின் வழியாக உருதுவுக்கு வந்து, அங்கிருந்து தமிழுக்குள் நுழைந்த இச்சொல், ஒரு காலத்தில் அத்தர் பூசி மினுக்கித் திரிபவனை 'ஷோக்குப் பேர்வழி' என்று குறிக்கப் பயன்பட்டது. இன்று அந்தத் தொடரை உரைப்பவன் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து இறங்கி வந்தவன் போலத் தோன்றுவான். மலாயிலோ, அதே வேர் என்று பலரும் கருதும் 'ஷோக்' இளமை குன்றாமல் உலவுகிறது. சிங்கப்பூர் வழி ஆங்கிலத்துக்குள்ளும் புகுந்து, 2016-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றுவிட்டது. செராஸ் இளைஞன் நல்ல லக்ஸா ஒரு கிண்ணம் உண்டுவிட்டு ஷோக் என்கிறான். தாத்தா ஷோக்கு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஒலி ஒன்று, பொருளும் அநேகமாக ஒன்று. வயது காரணமாயின் இரண்டும் ஒருசேர நரைத்திருக்க வேண்டும்.

4. சினிமாவே காரணம் என்னும் கொள்கை

இரண்டாவது கொள்கையை உடையோர், தமிழனின் கொச்சை கொட்டகையிலிருந்து வருகிறது, படம் பழசானால் சொல்லும் பழசாகிறது என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. கொச்சைக்குக் காலம் குறிக்க வேறு ஆவணம் கிடைக்காதபோது படத் தலைப்புகள் பேருதவி செய்கின்றன. 1958-இல் 'சபாஷ் மீனா', 1961-இல் 'சபாஷ் மாப்பிள்ளே', 1962-இல் 'பலே பாண்டியா' என வந்த தலைப்புகளைக் கொண்டு சபாஷும் பலேயும் அப்போது தெருவில் செல்லுபடியான நாணயங்கள் என்று துணியலாம். 2003-இல் 'தூள்', 2004-இல் 'கில்லி', 2016-இல் 'கெத்து' என்பவற்றை அடுத்த வரிசையாகக் கொள்ளலாம். கெத்துக்கு ஓர் உபகதையும் உண்டு: தமிழில் பெயரிட்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்துவந்த தமிழ்நாட்டு அரசு, அது தமிழ்ச் சொல்லே அன்று என்று விலக்கை மறுத்துவிட, ஒரு தெருச்சொல்லின் குலம் கோத்திரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று விசாரிக்கப்பட்டது.

மலேசியாவில் பெரும்பகுதி படமாக்கப்பட்ட 'கபாலி' 2016-இல் வெளிவந்தபோது, அதன் நாயகன் எதற்கும் விடையாகச் சொல்லும் 'மகிழ்ச்சி' கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் தொற்றிக்கொண்டது. கடைக்காரர் மீதிச் சில்லறை தந்தாலும் மகிழ்ச்சி. தேர்வில் தோற்றாலும் மகிழ்ச்சி. இன்று அதே தொனியில் அதனைச் சொல்பவரைப் பிள்ளைகள் 'பூமர் அங்கிள்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பாரசீகத்து சபாஷின் மூலப்பொருளும் மகிழ்ச்சியாயிரு என்பதே என்பார்கள்; ஆக, அரை நூற்றாண்டு இடைவெளியில் ஒரே வாழ்த்து இருமுறை மூப்படைந்திருக்கிறது.

எனினும் இக்கொள்கை முழுவதையும் விளக்காது. கில்லி 2024 ஏப்ரலில் மீண்டும் திரையிடப்பட்டபோது, அது முதலில் வந்த காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் கொட்டகையில் ஆடிப்பாடி, அதன் சொற்களைக் கேலியின்றி ஏற்றார்கள். 2006-இல் 'வல்லவன்' என்னும் இசைத்தொகுப்பின் மூலம் யோகி பி - நட்சத்ரா குழுவினர் மலேசியத் தமிழ் ராப் பாணியைத் தமிழ்நாட்டுக்கே கொண்டுசென்றதால், சொற்கள் கோடம்பாக்கத்திலிருந்து ஒருவழியாகத்தான் வருகின்றன என்பதும் நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வட்டாரத்தில் மிகுந்த சிரிப்புக்கு ஆளாகும் சொற்கள் எந்தப் படத்திலிருந்தும் வந்தவை அல்ல. அவை ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவை.

5. கித்தாவும் ஜகாட்டும்

கொச்சை என்பதை இங்கே சற்று விரிந்த பொருளில் கொள்கிறேன். குறும்புச் சொல் மட்டுமன்று. ஏட்டில் ஏறாது வாயில் மட்டும் வாழ்ந்த வழக்கு முழுவதும் அதில் அடங்கும். தோட்டத்துத் தமிழனுக்கு அப்படி ஒரு தனி அகராதியே இருந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம் பெரட்டுக் களம், அவனுக்கு ஒதுக்கப்பட்ட மரவரிசை நிரை, பால் வடியும் கிண்ணம் மங்கு, கிண்ணத்திலும் வெட்டுவாயிலும் காய்ந்து ஒட்டியது ஒட்டுப்பால், தாய்மார் குழந்தையை விட்டுச்செல்வது ஆயக்கொட்டகை, கணக்கெழுதுபவர் கிராணி, தார் போட்ட சாலை சடக்கு, மோட்டார் வாகனம் காடி. ரப்பருக்குப் பெயர் கித்தா.

ஒன்பதாங் கட்டைக்கு அருகே ஓர் உணவுக்கடையில், அடுத்த மேசையிலிருந்த ஒரு குடும்பத்தின் சம்பாஷணை காதில் விழுந்தது. பேரன் காரை எங்கே நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டிருந்தான். 'காடிய சடக்கோரமா நிப்பாட்டுப்பா. முந்தி இங்க எல்லாம் கித்தாக் காடு, பொழுது சாஞ்சா ஜகாட்டுப் பயலுங்க நிப்பானுங்க, இப்ப என்ன பயம்' என்றார் பெரியவர். சடக்கு என்றதும் பேத்தி, 'சடக்குன்னா என்ன தாத்தா?' என்று மரியாதையாகவே வினவினாள். காடி எவர் கவனத்தையும் கவரவில்லை. கித்தா என்றதும் இருவரும் சிரித்தார்கள். 'கித்தா இல்ல தாத்தா, கெத்தாஹ்' என்று பேரன் திருத்த, அந்தத் திருத்தம் கெத்து என்னும் புதுமொழியின் சாயலில் விழுந்து இன்னொரு சிரிப்புக்கு வழிசெய்தது. கெட்ட என்று பொருள்படும் ஜகாட்டுக்கும் அதே கதி: 'ஜஹாட்னு சொல்லணும் தாத்தா.'

இந்தச் சிறு நிகழ்ச்சியில் இரண்டு வெவ்வேறு விளைவுகளைப் பிரித்துப் பார்க்கலாம். சடக்கு இந்தி மூலத்தது. அந்த மூலம் பேத்திக்குத் தெரியாது. ஆகவே அது அவளுக்கு வெறும் அறியாத சொல், அறியாததைக் கேட்டாள். கித்தாவின் மூலமோ மலாய்; மலாய் அவர்கள் பள்ளிக்கூடத்து பாஷை; அதன் எழுத்துக்கூட்டல் கண்முன் நிற்கிறது. அவர்கள் செவியில் கித்தா ஒரு தமிழ்ச் சொல்லாக விழவில்லை, பிழையான மலாய்ச் சொல்லாக விழுந்தது. நகைப்புக்குரியது சொல்லின் முதுமை அன்று. கேட்பவன் கையில் வேறொரு பாஷையின் அளவுகோல் இருப்பதே காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

அந்த அளவுகோல் அவர்கள் கைக்கு வந்த வரலாறு தெளிவானது. தோட்டத்துக்கு வந்த முதல் தலைமுறையினர் மலாயைப் பள்ளியில் பயிலவில்லை. சந்தையிலும் சடக்கிலும் சீனர் கடையிலும் செவிவழியாகப் பெற்றார்கள். செவிவழி வந்த சொல், தமிழ் நாவின் விதிக்குக் கட்டுப்பட்டது. மலாய்ச் சொல்லின் முதலில் உள்ள மெல்லோசை ககரம் தமிழில் சொல்முதலில் வல்லோசையாயிற்று. இடையில் நின்ற தகரம் தனித்து நின்றால் மெலிந்து ஒலிக்கும் ஆதலால் வலிமை கெடாதிருக்க இரட்டித்தது. இறுதி ஹகாரம் தமிழுக்கு ஆகாது, உதிர்ந்தது. கித்தா என்பது தவறிப் பிறந்த உருவமன்று. வடசொல்லை ஏற்குங்கால் அயல் எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்துக்கு இயைவித்துக்கொள்ள வேண்டும் என்று தொல்காப்பியர் வகுத்ததை, எழுத்தறியாத பால்வெட்டுத் தொழிலாளி மலாய்ச் சொல்லுக்குச் செய்தான். ஜஹாட் ஜகாட்டானதும், மலாயின் மங்குக் என்னும் கிண்ணம் மங்கு ஆனதும் இம்முறையே.

பின்னர் வந்தது கல்விக் கொள்கை. 1956-இன் ரசாக் அறிக்கையும் 1961-இன் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியைத் தொடக்கக் கல்வியோடு நிறுத்தின; 1970-இல் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கிய மாற்றத்தால் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்குச் சென்றன. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளையும் இடைநிலைப் பள்ளியில் மலாயிலேயே சரித்திரமும் விஞ்ஞானமும் பயின்று, அதில் எழுதித் தேர்வு பெற்றான். பாட்டன் காதால் பெற்றதைப் பேரன் கண்ணால் பெற்றான். அவ்விரண்டுக்கும் இடையே விழுந்த பள்ளத்தில்தான் கித்தா அகப்பட்டுக்கொண்டது.

முன்பு கண்ட சான்றுகளும் இதனோடு பொருந்துகின்றன. பசியாறு தூய தமிழ். மலாய் அளவுகோல் அதன்மேல் செல்லாது. கட்டை என்பதைத் திருத்த வேண்டிய மலாயே கல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. சபாஷின் பாரசீகத்தை அறிந்தவர் இங்கு எவருமில்லை. ஆகவே சபாஷ் நாடகத்தனமாகத் தோன்றலாமே ஒழியப் பிழையாகத் தோன்றுவதில்லை. ஷோக்குக்கு அருகிலேயே உயிருள்ள மலாய் ஷோக் நிற்பதால், ஈற்றில் தமிழ் சேர்த்த உகரம் துருத்திக்கொண்டு தெரிகிறது.

6. ஓர் ஆட்சேபம்

இதற்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் எழலாம். சிரிப்பு மொழி காரணமாக அன்று, வர்க்கம் காரணமாகத்தான் என்பது அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் புதுநகர்களுக்கும் இடம் விட்டும் மறைந்தபின், லயத்து வீட்டிலிருந்து நகர விளிம்புக்குத் தள்ளப்பட்ட மக்கள், 'எஸ்டேட் பேச்சு' என்பது வேலைவாய்ப்புக்கும் கல்யாணச் சம்பந்தத்துக்கும் இடையூறு என்று உணர்ந்து, தம் பிள்ளைகளின் நாவிலிருந்து அதனைத் தாமே துடைத்தார்கள். கித்தாவைக் கேட்டுச் சிரிப்பவன் வறுமையைக் கேட்டுச் சிரிக்கிறான் என்பர் இவர்.

இதனை நான் மறுக்கவில்லை. பாதிக்கு மேல் ஏற்கிறேன். ஆனால் வர்க்கம் மட்டுமே காரணமாயின் நிரை, பெரட்டு, ஒட்டுப்பால் முதலிய எல்லாத் தோட்டச் சொற்களும் சமமாக நகைக்கப்பட வேண்டும். அவ்வாறு நடப்பதில்லை. நிரை என்றால் பிள்ளைகள் பொருள் கேட்கிறார்கள். ஒட்டுப்பால் என்றால் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்கிறார்கள். தோட்டத்தின் வெட்கம் எல்லாச் சொல்மேலும் நிழலாக விழுந்தது. அந்த நிழலில் திருத்துவதற்கு ஒரு பிழையும் கிடைத்த சொல்தான் பரிகாசப் பொருளாயிற்று. வெட்கம் ஒருவனைப் பேசாதிருக்கச் செய்யும். உரக்கச் சிரிக்கச் செய்வதற்குத் தான் அறிந்தவன் என்னும் நிச்சயம் வேண்டும்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த மலேசியத் தமிழ்ப் படம் இவ்விடத்தில் முக்கிய சாட்சியாகிறது. தோட்டத்திலிருந்து பெயர்ந்து புறநகரில் ஒதுங்கிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் கதை அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிகழ்வது. அதற்கு அவர் இட்ட பெயர் 'ஜகாட்'. மலாய் எழுத்துக்கூட்டலுக்கு இணங்க ஜஹாட் என்று திருத்திக்கொள்ளாமல், எந்த உச்சரிப்புக்காகத் தாத்தாமார் பரிகசிக்கப்பட்டார்களோ அதே உச்சரிப்பைச் சுவரொட்டியில் ஏற்றினார். மறு ஆண்டு நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியல்லாத படங்களைத் தனிப் பிரிவில் வைத்தது பற்றி எழுந்த சர்ச்சைக்குப் பின், சிறந்த மலேசியப் படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. அன்றிலிருந்து, இளைஞர் சிலர் ஜகாட் என்பதைத் தாத்தாவின் பிழையாக அன்றித் தங்கள் சொல்லாகவே உச்சரிப்பதைக் கேட்க முடிகிறது. தாத்தாவின் நாவுக்கு அப்படம் ஓர் உரையாசிரியர் செய்யும் காரியத்தைச் செய்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. கித்தாவுக்கு அந்தப் பாக்கியம் இன்னும் வாய்க்கவில்லை.

7. வகைக்குள் அடங்காத ஒன்று

இந்த விளக்கத்தின் எல்லையைச் சோதிக்க எஞ்சியிருப்பது, இங்குள்ள ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் 'லா'. 'வா லா', 'சும்மா இரு லா', 'தெரியாது லா' என்று தாத்தாவும் சொல்கிறார், தகப்பனும் சொல்கிறார், பேரனும் சொல்கிறான். அது மலாயிலிருந்து வந்ததா, சீனத்திலிருந்து வந்ததா என்பதில் ஆராய்ச்சியாளர் உடன்படவில்லை; செராஸில் காண்டனீஸ் பேசும் காய்கறிக்காரரும் மலாய்க்காரச் சாலைக்காவலரும் அதனைத் தத்தம் பாஷைக்குரியதென்றே எண்ணி வழங்குகிறார்கள். தமிழாசிரியர்கள் கட்டுரை ஏட்டில் அதனைச் சிவப்பு மையால் அடிப்பதுண்டு. அந்த ஆசிரியரே ஓய்வறைக்குச் சென்றதும் 'போதும் லா' என்கிறார். மூன்று தலைமுறை புழங்கியும் அது நரைக்கவில்லை, எவரும் அதனைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை. இன்னாருடையது என்று உரிமை கொண்டாடி, இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று திருத்த முன்வருவோர் எந்தப் பாஷையிலும் இல்லை.